பத்தொன்பதாவது சைக்கிள்

கரண்ட் போன வீட்டில் யாரோ அரிசி புடைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி கையை நிறுத்தினார். சத்தமும் நின்றது. துடைத்துக்கொண்டிருந்த சைக்கிளை மறுபடியும் தலைகீழாகச் சாய்த்தார். சர்ர்ரென்று, அவசரமே இல்லாமல், ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கத்துக்குக் குழாயின் உள்ளே எதுவோ ஓடியது. நிமிர்த்தினார். போன வழியே திரும்பி ஓடியது.

வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது. மனைவி போய் ஆறு வருஷமாகிறது. கூடம் முழுக்கப் பதினெட்டுப் பழைய சைக்கிள்கள் இருட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. பத்தொன்பதாவது இது.

"உப்பளத்து மணல்" என்று வாய்விட்டுச் சொன்னார். மறுத்துப் பேச அங்கே யாரும் இல்லை.

இங்கிலாந்தில் செய்த வண்டி. எண்பது வருஷம் இருக்கும். கறுப்பு உடம்பில் பொன் கோடுகள் இன்னும் மங்கவில்லை. தோல் சீட்டு, கண்ணாடி உடையாத விளக்கு, செயினை மூடிய தகரம், எல்லாம் பிறந்தபோது இருந்தபடியே. தூத்துக்குடி உப்பளத்து முதலாளி ஒருவரின் குடோனில் சாக்குக்கு அடியில் கிடந்ததை எடுத்து வந்து மூன்று நாளாகத் துடைக்கிறார். துறைமுக வேலையில் இருந்த முப்பது வருஷமும் இப்படி ஒன்றுக்காகத்தான் அவர் கண் ஊரெல்லாம் மேய்ந்துகொண்டிருந்தது.

இதைக் கூடத்தில் நிறுத்தப்போவதில்லை. முன்பக்கத்து பாரில் ஒரு குட்டி சீட்டு பூட்டியிருந்தார். பேத்தி தாரணிக்கு. ஐந்து வயது.

போன மாசம் மகள் மாரிச்செல்வி வீட்டில் விசேஷம். சம்பந்தி வீட்டார் முன்னால் வைத்து அவள் சொன்னாள். "எங்கப்பாகிட்ட பதினெட்டு சைக்கிள் இருக்கு. பேத்தியை ஏத்திட்டுப் போக ஒண்ணு கிடையாது. எல்லாம் சாமி சிலை, தொட்டுக் கும்பிடத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டார். "அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை தாரணியைப் பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன். ஊரே திரும்பிப் பாக்கும்."

தாரணி அதை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமை நாளை மறுநாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருட்டின பிறகு சைக்கிளை ஜெசிந்தா கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. கடலோரத்துச் சந்தில், வீட்டின் முன்னறையிலேயே கடை. கணவன் கப்பலில், ஒன்பது மாசத்துக்கு ஒருமுறை வருவான். பழைய சைக்கிள் சேர்க்கிறவர்கள் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வண்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். போனில் படம் அனுப்பினால் பார்க்கமாட்டாள். "ஜாதகத்தை மட்டும் பாத்துட்டு மருமகளை எடுப்பாங்களா? நேர்ல கொண்டுட்டு வாங்க" என்பாள்.

அண்ணாச்சி அவளிடம் பாடம் கேட்க வந்து இரண்டு வருஷம். வயதில் அவள் பாதி. முதலில் கிண்டலுக்குத்தான் 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார். கிண்டல் தேய்ந்துபோய்ப் பேர் நின்றுவிட்டது.

வந்த அன்றைக்கே கேட்டார். "எந்த வண்டியைச் சேக்கணும், எதை விடணும்? ஒரே வார்த்தையில சொல்லு டீச்சரம்மா."

அவள் ஒரு டப்பா மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கொடுத்தாள். "துடைங்க."

மூன்று மாசம் துடைத்தார். ஒருநாள் பளபளவென்று ஒன்றை வாங்கிவந்து காட்டினார். ஜெசிந்தா நகத்தால் சுரண்டினாள். கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பச்சை.

"மூணு சட்டை போட்டிருக்கு. உடம்பைப் பாத்தியளா?"

இன்னொரு நாள் ஒரு குறையும் இல்லாத வண்டி ஒன்று கொண்டுவந்தார். அவள் சுற்றி வந்தாள். விளக்கு ஒரு வண்டியினுடையது, பிரேக் கம்பி வேறு வண்டியினுடையது, கேரியர் நேற்றுச் செய்தது.

"இது வண்டி இல்ல அண்ணாச்சி. கல்யாண வீட்டு வாசல்ல கிடக்கிற செருப்புக் குவியல்."

"அப்ப சேக்கக்கூடாதா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

இப்படியேதான் இரண்டு வருஷமும். கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை இருட்டின பிறகுதான் பார்ப்பாள். அறை விளக்கையும் அணைத்துவிடுவாள். "வெளிச்சத்தில பெயின்ட் பேசிட்டே இருக்கும். இரும்பு சொல்லுறது கேக்காது."

இன்றைக்கு வண்டி வாசலில் ஏறியதும் அவளே வேலையை விட்டு எழுந்து வந்தாள். பொன் கோட்டை விரல் படாமல் விரலால் தொடர்ந்தாள். அண்ணாச்சிக்கு நெஞ்சு நிறைந்தது.

"ஏறி வரலையா?" என்றாள்.

"இல்லம்மா. உருட்டிட்டுத்தான் வந்தேன். டயர்ல காத்து கம்மி."

ஜெசிந்தா குனிந்து டயரை அமுக்கினாள். கல்லாக இருந்தது. சுவரில் கைவைத்து விளக்கை அணைத்தாள்.

பின்சக்கரத்தைச் சுற்றினாள். சீரான சத்தம், நல்ல கடிகாரம்போல. அண்ணாச்சி இருட்டில் தலையாட்டிக்கொண்டார். பிறகு அவள் வண்டியை முன்பக்கமாகத் தூக்கினாள். இறக்கினாள்.

சர்ர்ரென்று ஓடியது.

மறுபடி தூக்கினாள். மறுபடி ஓடியது. உள்வீட்டில் அவள் மகள் டிவி பார்க்கிற சத்தத்தைத் தாண்டி அது கேட்டது.

"உப்பளத்து மணல்" என்றார் அண்ணாச்சி.

"குழாய்க்குள்ள மணல் எப்படிப் போவும்?"

"காத்துல போயிருக்கும்."

விளக்கைப் போட்டாள். மேஜையிலிருந்து ஒரு நாணயம் எடுத்துக் குழாயை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிண், டிண், டிண். கீழே பெடல் பக்கம் வரும்போது டொக் என்றது. உட்கார்ந்து அந்த இடத்தை நகத்தால் அமுக்கினாள். நகம் உள்ளே போனது.

அண்ணாச்சி சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"துரு தின்ன ஓட்டையில பட்டி பூசியிருக்கு" என்றாள்.

"பழைய ஆளு எவனாவது பூசியிருப்பான்."

"இன்னும் காயவே இல்லையே அண்ணாச்சி."

அண்ணாச்சி மாதா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சேக்கிறவன் எல்லாரும் பூசுறதுதானம்மா" என்றார் கடைசியில். "ஊசி ஓட்டை. நாலோ அஞ்சோதான். கண்ணுக்கு அசிங்கமா தெரியும்னு அடைச்சு மேல கறுப்புத் தடவினேன். கண்காட்சிக்கு வைக்கிற வண்டிக்குச் செய்யிறதுதானே?"

"கண்காட்சிக்குச் சரிதான்."

அவள் பாரில் இருந்த குட்டி சீட்டைப் பார்த்தாள். அதற்கு அவர் சிவப்பு ரெக்ஸின் உறை தைத்துப் போட்டிருந்தார். கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி.

"எண்பது வருஷம் தாங்கின இரும்பு" என்றார் அண்ணாச்சி.

"எங்க வச்சுத் தாங்கிச்சு?"

"குடோன்ல."

ஜெசிந்தா நாணயத்தை மேஜையில் வைத்தாள்.

"பள்ளிக்கூடம் என்ன, ரெண்டு கிலோமீட்டர்" என்றார் அவர். "மெதுவாத்தான் மிதிப்பேன். பள்ளம் மேடு எல்லாம் எனக்குத் தெரியாத ரோடா? ஒரே ஒரு நாள். அதுக்கு அப்புறம் கூடத்தில நிறுத்திருதேன். அந்தப் பிள்ளை ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கும்மா. அவ அம்மா வேற சிரிக்கா."

அவள் நகத்தில் ஒட்டிய பட்டியைத் துடைத்தாள்.

"சரி, அதை விடு. இது சேக்கத் தகுந்த வண்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ரெனி" என்று ஜெசிந்தா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

நான்கு வயது ரெனிட்டா கையில் பாதித் தோசையோடு வந்தாள்.

"தாத்தா கொண்டுவந்த வண்டியில உனக்குன்னு ஒரு சீட்டு இருக்கு பாரு. ஏறி உக்காரு."

குழந்தை தோசையை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவந்தது. ஒரு காலைப் பெடலில் வைத்து, ஹேண்டிலைப் பிடித்து எம்பியது. கால் தரையை விட்டதும் அண்ணாச்சியின் இரண்டு கைகளும் பாய்ந்து அதை இடுப்போடு தூக்கிக்கொண்டன. அவர் நின்ற இடத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே இருந்த ஸ்டூல் உருண்டு போனது. அறுபத்தொரு வயதில் அப்படி ஒரு பாய்ச்சல் தனக்கு வரும் என்று அவருக்கே தெரியாது.

"விடுங்க தாத்தா" என்றது குழந்தை, தோசையோடு.

"ஸ்டாண்டு போட்டுத்தானே நிக்கி" என்றாள் ஜெசிந்தா.

அவர் குழந்தையை இறக்கவில்லை.

"நகராத வண்டி அண்ணாச்சி. ரெண்டு சக்கரமும் அப்படியே இருக்கு. ரெண்டு கிலோமீட்டர்கூட இல்ல. எதுக்குத் தூக்கினிய?"

அண்ணாச்சியின் கை நடுங்கியது. குழந்தை அதைக் கவனித்து, நடுங்குகிற முழங்கையைத் தன் எண்ணெய்க் கையால் பிடித்துப் பார்த்தது. பிறகு அம்மாவிடம் தாவியது.

ஜெசிந்தா மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இதுல பெரிய படிப்பெல்லாம் கிடையாது" என்றாள். "எல்லாரும் டீச்சர் டீச்சர்ங்கீங்க. என்கிட்ட இருக்கிறது இந்த நடுக்கம் மட்டும்தான். இவ வயித்தில இருந்தப்ப வந்தது. பிறந்த பெறவும் விடலை. பால் குடிச்சிட்டுத் தூங்குறவளுக்கு மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரல் வச்சு வச்சுப் பாப்பேன். விடிய விடிய. அதுக்கு முன்னால நானும் பொன் கோட்டைத்தான் பாத்தேன்."

குழந்தையை உள்ளே விட்டு வந்தாள். டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க. ஒண்ணு காட்டுதேன்."

அடுப்படியைத் தாண்டி ஒரு பின்னறை. உள்வீட்டு வழியாக ஒரு சின்னக் கதவு; எதிர்ப்பக்கம் பின்சந்துக்குத் திறக்கிற இரட்டைக் கதவு. இரண்டு வருஷத்தில் அண்ணாச்சி அந்த அறையைப் பார்த்ததே இல்லை.

டார்ச் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. அவருக்கு மூச்சு மறந்துபோனது. பன்னிரண்டு சைக்கிள்கள். பெண்கள் ஓட்டும் வளைந்த பார் வைத்த ஒன்று, பாவாடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு நூல் வலை பின்னியது. தபால்காரர் வண்டிபோல் முன்னால் பெரிய கூடை தாங்கி வைத்த ஒன்று. கார்பைடு கல்லில் எரியும் பழங்கால விளக்கு வைத்தது ஒன்று. இதில் எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் மதுரைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வருவார்கள்.

"கள்ளி" என்றார் அன்பாக. "இத்தனையையும் மறைச்சு வச்சுக்கிட்டா என்னைத் துடை துடைன்ன?"

அவள் நாணயத்தை நீட்டினாள். "தட்டிப் பாருங்க."

முதல் வண்டியைத் தட்டினார். டொக். இரண்டாவது. டொக். மூன்றாவதில் டிண் என்று ஆரம்பித்து ஒரு சாணுக்குள் செத்துப்போனது. ஆறாவது வண்டிக்குப் போய் நாணயத்தை ஓங்கினவர், தட்டாமலே கையை இறக்கினார்.

"எல்லாமா?"

"எல்லாம். கடக்கரை ஊருல்லா. உப்புக் காத்து உள்ள போனா வெளிய வாறதில்லை."

"இதை எதுக்குக் கட்டிக் காக்க? எடைக்குப் போட வேண்டியதுதானே?"

"ஒண்ணைப் போட்டேன்" என்றாள். "ரெனி வயித்தில ஏழு மாசம். போட்டு ஒரு மாசம் இருக்கும், மார்க்கெட் பக்கம் போறேன், எதிர்ல அது வருது. நீலப் பெயின்ட், புதுச் சீட்டு. மிதிக்கிறவன் முன்னால ஒரு பையன். பின்னால அவன் பொண்டாட்டி. அவ மடியில இன்னொண்ணு. நாலு பேர்."

"அய்யோ."

"கூப்பிட்டேன், அவனுக்குக் கேக்கலை. ஓடினேன். வயித்தைப் பிடிச்சிட்டு."

"பிடிச்சியா?"

"ரயில்வே கேட்டுல பிடிச்சேன். ரயில் வந்துச்சு, புண்ணியம். எறங்குங்க எறங்குங்கன்னு கத்தினேன். பைத்தியம்னு நினைச்சான். அந்தப் பொண்ணு மட்டும் என் மூஞ்சியைப் பாத்தா. பாத்துட்டுப் பிள்ளையோட எறங்கிட்டா. அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டு வந்து, நான் ஓட்டிட்டிருந்த வண்டியைக் குடுத்துட்டு அதை வாங்கிக்கிட்டேன்."

டார்ச்சை மூலைக்குத் திருப்பினாள். நீலமாக ஒன்று நின்றது. அந்த அறையிலேயே அழகில்லாதது அது ஒன்றுதான்.

"எல்லாத்தையும் அறுத்துப் போட்டிருக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி.

"அறுத்தா ஒட்டுவான். நம்ம ஊருல வெல்டிங் கடைக்கா பஞ்சம்?" கொஞ்சம் நிறுத்தி, "மனசும் வரலை அண்ணாச்சி. அழகா இருக்குல்லா" என்றாள்.

அண்ணாச்சி அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத் தாரணி வாசல்ல நிப்பா."

"வீட்டில ஓடுற வண்டி ஒண்ணும் இல்லையோ?"

"பதினெட்டும் நீ பாத்ததுதானே. ஒண்ணுல செயின் கிடையாது, ஒண்ணுல டயர் கிடைக்காது..."

"பதினெட்டைக் கேக்கலை. கேஸ் சிலிண்டர் எதுல எடுத்துட்டு வாறிய?"

"அதா? அது கிணத்தடியில கிடக்கு. துணி காயப் போடுவேன். பேர்கூடக் கிடையாது அதுக்கு, எவன் செஞ்சானோ."

"எத்தனை வருஷமா ஓடுது?"

"மாரிச்செல்வி எல்கேஜி போனதில இருந்து..."

சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டவர்போல் நிமிர்ந்தார்.

"தட்டிப் பாத்திருக்கியளா அதை?"

"தட்டவே வேண்டாம். நேத்து வாசப்படியில இருந்து கீழ விழுந்துச்சு, சிலிண்டரோட. கணீர்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பூஜை மணின்னு நினைச்சிருப்பான்."

"பத்தொன்பதுன்னுல்லா சொல்லியிருக்கணும் அப்ப. இத்தனை நாளும் பதினெட்டுன்னிய?"

"அது சைக்கிள்தானம்மா" என்றார் அண்ணாச்சி. "சேகரிப்பு இல்லையே."

அந்தச் சாயங்காலத்தில் ஜெசிந்தா முதன்முறையாகச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுபோனது.

கடைக்குத் திரும்பி ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கினார். குட்டி சீட்டைக் கழற்ற உட்கார்ந்தார். நான்கு நட்டு. மூன்று சுலபமாக வந்தன. நான்காவதை அவரே நேற்று அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருந்தார். ஆடக்கூடாது, பிள்ளை உட்காருகிற இடம் என்று. விரல் தோல் உரிந்தது. ஜெசிந்தா உதவிக்கு வரவில்லை. கழன்று வந்ததும் சீட்டை மடியில் வைத்து, சிவப்பு உறையின் தூசியைத் தட்டினார். கிணற்றடி வண்டிக்கென்று மேஜைமேல் வைத்தார்.

பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் வழியாக இறங்கினார். அடுப்படி வழியில் ஹேண்டில் நுழையாது. சந்து வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஜெசிந்தா உள்ளே போய் இரட்டைக் கதவைத் திறந்து டார்ச் காட்டினாள். நீல வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் அளவுக்கு இடம் இருந்தது. அதில் ஏற்றி நிறுத்தினார். பொன் கோடுகள் ஒருமுறை மின்னின. சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் ஹேண்டிலை லேசாகத் திருப்பி நேராக்கினார். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு வருஷமாக் கேக்கேன்" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "எதைச் சேக்கணும், எதை விடணும்னு. கடைசியில நீ காட்டினது பூரா உளுத்த வண்டி."

"ஆமா."

"அப்ப நல்ல வண்டியை என்னதான் செய்ய?"

"நல்ல வண்டிக்கு ரோடு இருக்கு அண்ணாச்சி. இதுகளைத்தான் யாராவது வச்சுக்கிடணும்."

அண்ணாச்சி சந்துப் பக்கத்து இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தார். மரம் உப்புக் காற்றில் ஊதியிருந்தது, பொருந்த மறுத்தது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.